எல்லை வரம்பும் மூன்று கிளுவையும்

பலெர்மோ,
19.05.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் சுகத்தை விசாரிக்கும் தகுதி எனக்கு இல்லையென்று அத்தான் சொல்லித் திரிவது இங்கே எங்கள் கோயிலடி வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது. ஆனாலும் விசாரிக்கிறேன். உங்கள் முழங்கால் எப்படி? அத்தானின் இருமல் எப்படி? நானும் மாக்கிரட்டும் ஒரேத்தோவில் அதே வீட்டில், அதே மூன்றாம் மாடியில், அதே பழுதான லிஃப்டோடு சுகமாக இருக்கிறோம்.

அத்தான் உங்கள் போனையும் வாங்கி வைத்து என் நம்பரையும் தடுத்துவிட்டபடியால் கடிதம் எழுதும் காலம் எனக்குத் திரும்பி வந்திருக்கிறது. இதைக் கொண்டுவருவது இங்கே பிரான்காச்சோவில் இருந்து லீவில் ஊருக்கு வரும் அனிற்றா. உறையை மூன்று தரம் ஒட்டி, மேலே பிளாஸ்ரரும் சுற்றியிருக்கிறேன். அவ பிரித்து வாசிக்கிற ஆளில்லை. வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிற ஆள். போன மாதம் ஒருத்தியின் விவாகரத்துக் கடிதம் உரியவளுக்குப் போய்ச் சேருமுன் பூசைக்கு வந்த எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

யூன் பத்தாம் திகதி எங்கள் இரண்டு காணிக்கும் நடுவெல்லையை அளக்க அளவைக்காரர் வருகிறாராமே. லீவில் ஊருக்கு வந்து போன றமேஸ் சொன்னான். அத்தான் வேலியைக் கையால் காட்டி, “அளந்து பிழை என்னிலை எண்டால், அந்தோனியார் திருநாளண்டு பூசை முடிய எல்லாற்றை முன்னாலையும் கிறிகோரியிட்டை மன்னிப்புக் கேப்பன். அவன் இத்தாலியிலை இருந்தாலும் போனைச் சத்தமாப் போட்டுக் கேப்பன்” என்றாராம். அதைக் கேட்டதும் எனக்கு உண்டான சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். அன்று இரண்டு தரம் புட்டு வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் காணி உறுதியில் எல்லை என்று எழுதியிருப்பது ‘வேலி’ என்ற ஒரு சொல்தான். படம் இல்லை. வேலி எங்கே நிற்கிறதோ அங்கேதான் அளவைக்காரர் கோடு போடுவார். திருநாளுக்குப் போடச் சட்டையும் இஸ்திரி செய்து வைத்தேன். போனில் மன்னிப்புக் கேட்பவருக்கு என் சட்டை தெரியாதே என்று மாக்கிரட் சொன்னாள். அவளுக்கு எதிலும் குறை.

இனி நடந்ததைச் சொல்கிறேன். அருவருப்பான கதை. சாப்பிட்டுவிட்டு வாசியுங்கள் என்று சொல்லமாட்டேன், சாப்பிடுமுன் வாசியுங்கள்.

நான் வேலைசெய்யும் வீட்டு எசமானி, சிஞ்ஞோராவை உங்களுக்குத் தெரியும். பொலிதேயாமாவில் கடைகளுக்கு மேலே இருக்கிறா. எண்பத்தொரு வயது. பழங்காலத்து மண்ணைக் கிண்டிப் படித்துப் படிப்பித்தவ. போன வியாழக்கிழமை என்னுடைய அரைநாள் விடுமுறை. அந்த அரைநாளைப் பிடுங்கிக்கொண்டு, மலைக்கு மேலே தான் இளம் வயதில் கண்ட ஓர் எல்லை வரம்பைக் கடைசியாக ஒருக்கால் பார்க்கவேண்டும், காரை எடு என்றா. வயலில் நாங்கள் போடும் வரம்புதான் அக்கா. ஆனால் ஆள் உயரம், அரை மைல் நீளம், பக்கத்தில் ஒரு கிடங்கு. இரும்பு என்றால் என்னவென்று தெரியாத காலத்துச் சனம், இந்தப் பக்கம் உன்னுடையது அந்தப் பக்கம் என்னுடையது என்று வெட்டிப் போட்டதாம். நாலாயிரம் வருடம் இருக்கலாம் என்பது சிஞ்ஞோராவின் கணக்கு.

ஒன்றரை மணித்தியாலம் ஓடிப் போய் இறங்கினால் மரமே இல்லாத வெறும் மேட்டு வெளி. காற்று வாய்க்குள்ளால் புகுந்து காதால் போகிறது. என் சப்பாத்து பழுதாகுமென்று இறந்துபோன தன் புருஷனின் பூட்ஸைத் தந்தா. அவருடைய கால் அளவு நாற்பத்தைந்து, என்னுடையது நாற்பது. செத்தவரின் பூட்ஸுக்குள் அவருடைய பழைய சொக்ஸ் ஒன்று சுருண்டு கிடந்ததை அரைவழியில்தான் கண்டுபிடித்தேன். கீழே எங்கு பார்த்தாலும் மாட்டுச் சாணம், செம்மறிப் புழுக்கை, அவற்றின் மேல் பச்சை ஈ. இரண்டு உண்ணி என் கெண்டைக்காலில் ஏறிக் குடியிருந்ததை வீட்டுக்கு வந்து மாக்கிரட் சாவணத்தால் பிடுங்கினாள். ஒன்றின் தலை இன்னும் உள்ளே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

வரம்புக்குப் போனால் அதன் உச்சியில் ஒரு கக்கூஸ் கோப்பை இருக்கிறது. யாரோ வீடு திருத்தியவன் கொண்டுவந்து கொட்டிவிட்டான். உடைந்த ரைல்ஸ், ஊறிப்போன மெத்தை, அதற்குள் எலி. நாலாயிரம் வருட எல்லைக்கு மேலே ஒரு கக்கூஸ் கோப்பை, ராசா சிம்மாசனம் மாதிரி. சிஞ்ஞோரா அதைக் கவனிக்கவே இல்லை. என்னை வரம்பின் அடியில், கோப்பைக்கு நேர் கீழே நிறுத்திப் படம் எடுத்தா. ஏனென்று கேட்டேன். படத்தில் வரம்பின் உயரம் விளங்க ஓர் அளவுகோல் வேண்டுமாம், கிரெகோரியோ ஒரு மீற்றர் அறுபத்திரண்டு என்று குறித்து வைத்திருக்கிறாவாம். ஐம்பத்திரண்டு வயதில் நான் கண்ட உத்தியோக உயர்வு அதுதான்.

அப்போதுதான் சிஞ்ஞோராவின் முகம் மாறியது. வரம்பின் தெற்குப் பாதியைக் காணவில்லை. அந்த இடத்தில் புதுக் கம்பி வேலி, ஒரு இருபது அடி தள்ளி. மண்ணை யாரோ இயந்திரத்தால் வழித்து எடுத்திருந்தான். சத்தம் கேட்டுச் செம்மறிக்காரன் வந்தான். கையில் ரிக்கோத்தா என்கிற பால்கட்டி, விரல் நகத்துக்குள் கறுப்பாக ஒரு வருடத்து ஊத்தை. அதே விரலால் கரண்டியில் வழித்து எனக்கும் நீட்டினான். மரியாதைக்கு வாங்கி விழுங்கினேன். அதில் ஒரு மயிர் இருந்தது, செம்மறியுடையதாக இருக்கவேண்டுமென்று மன்றாடினேன்.

சிஞ்ஞோரா கேட்டா, இந்த வேலியை யார் தள்ளி அரக்கியது என்று. அவன் நெஞ்சில் கைவைத்து, மாதாவைச் சாட்சிக்கு இழுத்து, இது எப்போதும் இப்படித்தான் இருந்தது சிஞ்ஞோரா, நான் பிறக்கமுன்னும் இப்படித்தான் என்றான். முகத்தைத் துளியும் சுளிக்கவில்லை. கண்ணில் தண்ணீர்கூட வந்தது. அதைப் பார்த்ததும் சாணத்துக்கும் எலிக்கும் மயிருக்கும் வராத குமட்டல் எனக்கு வந்தது. ஏனென்றால் அக்கா, அந்தக் கை வைக்கும் விதத்தை எனக்குத் தெரியும். அது என்னுடைய கை.

சிஞ்ஞோரா அவனோடு மல்லுக்கட்டவில்லை. ஊன்றுகோலை நீட்டி எனக்குப் புல்லைக் காட்டினா. வெயிலுக்கு எல்லாப் புல்லும் மஞ்சளாகத் தொடங்கியிருந்தது. ஆனால் வரம்பு இல்லாமல் போன இடத்தில், அந்தக் காலத்துக் கிடங்கு ஓடிய வழியே, பச்சையாக ஒரு கோடு நேராகப் போகிறது. மேலே வழித்தாலும் அடியில் கிண்டிய மண் வேறு, அது ஈரம் பிடிக்கும், புல் அங்கே வேறு மாதிரி வளரும் என்று விளங்கப்படுத்தினா. பிறகு, ஒருக்கால் கிண்டிய இடத்தை மண் மறக்காது, மனிதன்தான் மறந்ததாக நடிப்பான் என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டா. செம்மறிக்காரனைச் சொன்னதாகத்தான் அவ நினைத்திருப்பா.

திரும்பி வரும்போது நான் இரண்டு தரம் வழி தப்பினேன். நத்தாருக்கு நீங்கள் எழுதிய அட்டையைத்தான் யோசித்துக்கொண்டு வந்தேன். நாலே வரி. “உன்ரை காணிக்குள்ளை கிளுவை மூண்டு தானா முளைச்சு நிக்குது. ஒரே நேருக்கு நிக்குது. ஆட்டுக்கு ஒடிச்சுப் போடுறன். வெட்டேல்லை.” அதை வாசித்துவிட்டு நான் என்ன செய்தேன் தெரியுமா? என்ரை மண்ணின் பசளையைப் பாருங்கோ என்று இங்கே நாலு பேருக்குப் பெருமை அடித்தேன்.

2019 ஆவணியில் நீங்களும் அத்தானும் மடுத் திருநாளுக்குப் போய் ஐந்து நாள் நின்றீர்கள். லீவில் வந்திருந்த நான் வயிற்றாலே போகிறதென்று வரவில்லை. வயிற்றில் ஒன்றும் இல்லை அக்கா. முழு வேலியையும் தன்னந்தனியாகப் பிடுங்கி, உங்கள் வளவுப் பக்கமாக இரண்டு முழம் தள்ளி நட்டேன். வருங்காலத்தில் வீடு கட்டினால் கார் திருப்ப இடம் காணாதென்று ஒரு யோசனை. எனக்கு அங்கே காரும் இல்லை, இங்கே காரும் இல்லை. ஓட்டுவது சிஞ்ஞோராவுடையது. பிடுங்கும்போது, வேலிக்கு நட்டிருந்த கிளுவைக் கதியாலில் மூன்று அடியோடு வராமல் முறிந்துவிட்டது. அடிக்கட்டையை மண்ணால் மூடி, மேலே பழைய ஓலை போட்டேன். நட்ட கிளுவை செத்தாலும் தளிர்க்கும் என்று ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். எனக்கு மட்டும் தெரியவில்லை.

நீங்கள் வந்த பிறகு அத்தான் வேலியைப் பார்த்துக் கேட்டார். நான் கோயிலில் சுரூபத்துக்கு முன்னால் நெஞ்சில் கைவைத்து, “வேலி எப்பவும் இஞ்சைதானே நிண்டது, அத்தான்” என்றேன். கண்ணில் தண்ணீரும் வந்தது. அந்த நாளிலிருந்து என் காணிக்குள் கால் வைக்கமாட்டேன் என்று அவர் சபதம். அதனால் கிளுவையை அவர் காணவில்லை. ஆட்டுக்குக் குழை ஒடிக்கப் போன நீங்கள் கண்டீர்கள். கண்டதை அவருக்கும் சொல்லவில்லை, எனக்கும் நேரே சொல்லவில்லை. புருஷன் ஒரு பக்கம் தம்பி ஒரு பக்கமாக, நடுவில் மூன்று கிளுவையோடு எத்தனை நாள் நின்றீர்களோ.

மாக்கிரட் என் உண்ணியைப் பிடுங்கும்போது அவளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவள் சாவணத்தைக் கீழே வைக்காமலே, “இந்தத் திருநாளண்டு அந்த மனுசன் உங்களிட்டை மன்னிப்புக் கேட்டிருந்தால், நான் இந்த வீட்டிலை இருந்திருக்கமாட்டன்” என்றாள். பிறகு மற்ற உண்ணியைப் பிடுங்கினாள், தேவைக்கு மேலே இறுக்கி.

இஸ்திரி போட்ட சட்டையை நான் யூன் ஒன்பதாம் திகதி ஊருக்கு வரும்போது போட்டுக்கொண்டு வருகிறேன். சிஞ்ஞோராவிடம் லீவு கேட்டாயிற்று. எதற்கு என்று கேட்டா. ஒரு வரம்பைப் பார்க்க என்றேன். மன்னிப்பு நான்தான் கேட்கவேண்டும், போனிலில்லை, பூசை முடிய எல்லோருக்கும் முன்னால். அத்தான் என்னை வாசலில் வைத்து அடித்தால் நீங்கள் குறுக்கே வரவேண்டாம். இந்தக் கடிதத்தை முதலில் அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். கக்கூஸ் கோப்பை வருகிற இடத்தில் அவர் சிரித்தால் மட்டும் எனக்கு அறிவியுங்கள்.

ஒரேயொரு மன்றாட்டம். ஆட்டுக்கு இனி வேறு குழை ஒடித்துப் போடுங்கள். அந்த மூன்று கிளுவையும் அளவைக்காரர் வரும் வரைக்கும் அப்படியே நிற்கட்டும்.

மாதா உங்கள் இருவரையும் காப்பாராக.

உங்கள் தம்பி,
கிறிகோரி