தடயப் பொட்டலம் எங்கே இருக்கிறது?

அனுப்புநர்
ஞா. ரெஜினா,
ஓய்வுபெற்ற பட்டதாரி ஆசிரியை,
திருப்போரூர்.

பெறுநர்
உயர்திரு காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
செங்கல்பட்டு மாவட்டம்.

பொருள்: பாலியல் வன்கொடுமை வழக்கின் தடயப் பொட்டலத்தைக் கண்டுபிடித்து ஆய்வுக்கு அனுப்பக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என்னிடம் படித்த பெண் ஒருத்தி மாமல்லபுரம் சாலையில் ஒரு விடுதியில் அறைகளைச் சுத்தம் செய்யும் வேலையில் இருந்தாள். கடந்த மாசியில் அங்குள்ள மேற்பார்வையாளரின் வன்கொடுமைக்கு ஆளானாள். சட்டப்படி அவள் பெயரை இங்கு எழுதவில்லை. வழக்கு எண் தனி உறையில் உள்ளது.

2. அன்றே அரசு மருத்துவமனையில் பரிசோதனை நடந்தது. இதுதான் பெரிய சாட்சி என்று மருத்துவர் சொன்னதால் பல்லைக் கடித்துக்கொண்டு சம்மதித்தாள். உடைகளும் மாதிரிகளும் அரக்கு முத்திரையிட்ட பொட்டலமானதை உடனிருந்த நான் பார்த்தேன். அதன்பின் அது எங்கே போனதென்று சொல்ல ஆளில்லை.

3. காவல் நிலையத்தில், "இங்க இன்னாம்மா கீது? ஆஸ்பத்திரில போய்க் கேளு" என்றார்கள். மருத்துவமனையில், "போலீசு அப்பவே வாங்கினு பூட்டாங்களே" என்றார்கள். வாங்கிச் சென்ற காவலர் தேர்த் திருவிழா பந்தோபஸ்துக்குப் போய், அப்படியே வேறு ஊருக்கு மாற்றலாகிவிட்டார். ஆய்வகத்திலோ எதுவும் வந்து சேரவில்லையாம்.

4. ஒவ்வொரு மேசையிலும் யாருடைய பொட்டலம், என்ன நடந்தது என்று முதலிலிருந்து கேட்கிறார்கள். வரிசையில் நிற்பவர்களும் காது கொடுக்கிறார்கள். திரும்பும் பேருந்தில் அவள் சொன்னது: "வுட்டுடலாம் டீச்சர். அவன் ஒரு தபா பண்ணான். இவங்க போற எடத்துலல்லாம் சொல்ல வெக்கிறாங்க."

5. ஓர் உதாரணம் சொல்ல அனுமதியுங்கள். பொதுத்தேர்வு விடைத்தாள் கட்டு கைமாறும் இடமெல்லாம் கையெழுத்து வாங்குவோம். திருத்துபவருக்கு எண் தெரியும். பிள்ளையின் பெயர் தெரியாது. கணக்குப் பரீட்சைக்கு இருக்கும் இந்த ஏற்பாடு இப்பொட்டலங்களுக்கும் வேண்டும். பாதிக்கப்பட்டவள் கைப்பேசியில் பொட்டலத்தின் எண்ணைத் தட்டினால், அது இருக்குமிடம் தெரிய வேண்டும். யாரிடமும் வாய் திறக்கும் நிலை வரக்கூடாது.

6. அந்த மேற்பார்வையாளர் பிணையில் வந்து, அதே விடுதியில் வேலை பார்க்கிறார். இவளோ சாட்சி சொல்ல வரமாட்டேன் என்று சொல்லி, வெளியூர் போகத் துணிமணிகளைக் கட்டி வைத்திருக்கிறாள். அவள் கிளம்புவதற்குள் பொட்டலத்தைத் தேடச் செய்யுங்கள் ஐயா. தொலைந்திருந்தால் அதையும் மறைக்காமல் எழுத்தில் தாருங்கள். என்ன பதில் சொல்வதென்று தெரியாமல் நேற்றிலிருந்து அவள் அழைப்பை எடுக்காமல் இருக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
ஞா. ரெஜினா

இடம்: திருப்போரூர்
நாள்: 14.07.2025