வசனம் இல்லாத காட்சி

ஸ்டுட்கார்ட், 13.11.1971, சனி

நாம் இருவர் மட்டும் படத்துக்குப் போகலாம் என்று இன்று ரகுவிடம் நான் சொல்லவில்லை. அவன் வசந்தாவையும் அழைத்து வந்தான். மதுரையிலிருந்து ஆராய்ச்சிக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது அவளுக்கு, ஜெர்மன் தெரியாது. அமெரிக்கக் குடியேறிகளின் வீட்டை அப்பாச்சி இனச் செவ்விந்தியர்கள் சூழும் படம். ஒவ்வொரு வசனத்தையும் ரகு அவள் காதில் தமிழில் சொன்னான்.

"எனக்கு யாருப்பா சொல்றது?" என்றேன்.

"எனக்கே ஜெர்மன் சொல்லிக்கொடுத்தவ நீ. உனக்கெதுக்கு?"

வசந்தா சிரித்தாள்.

பிறகு அந்த வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு எல்லோரும் மூச்சடக்கிக் காத்திருந்தார்கள். வெளியே குதிரைகள் வந்து நின்றன. திரையில் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. ரகு அப்போதும் அவள் காதருகே குனிந்துதான் இருந்தான்.

யார் பிழைத்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. படம் முடிந்ததும் வசந்தாவை விடுதியில் விட அவன் போனான். நான் தனியாக டிராம் ஏறி வந்தேன்.