இரும்புப் பானையும் பீச் பூவும்

மே 7, 2012, திங்கள்

அப்பாவின் குறட்டை கேட்கிறது. போர்வைக்குள் டார்ச் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். புது நோட்டு என்பதால் முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் பான் சோயுல். வயது பதினான்கு. ஆனால் கணினியில் 'ஒன்பது வாசல்' என்ற இணைய விளையாட்டு உலகத்துக்குள் போனால் நான் தாடி வைத்த கோடாரி வீரன். பெயர் இரும்புப் பானை. 'ஈரக்குடை' என்ற படைக்குத் தலைவன்! பதினாறு வயது ஆகாதவர்களை நள்ளிரவு ஆனதும் ஆட்டத்தை விட்டு வெளியே தள்ள வேண்டும் என்று சட்டம். என்னைத் தள்ளுவதில்லை. கணக்கு அப்பாவின் அடையாள எண்ணில் இருக்கிறது.

சேர்ந்த அன்று வழக்கம்போல முதல் கேள்வி: "எந்த வருஷம் நீங்க?" யார் அண்ணன், யார் தம்பி என்று தெரியாமல் யாரும் பேச்சையே தொடங்க மாட்டார்கள். "புலி" என்றேன். பொய்யா? இல்லையே. நானும் புலி வருஷம், அப்பாவும் புலி வருஷம். பன்னிரண்டு மிருக வருஷம் முடிந்தால் ஒரு சுற்று; அவர் இரண்டு சுற்று மூத்த புலி, அவ்வளவுதான். அவர்களாகப் பெரிய புலியை எடுத்துக்கொண்டால் நான் என்ன செய்வேன்? அன்றிலிருந்து நான் 'அண்ணே'.

மாட்டினால்? என் சொந்த அண்ணன் ராணுவத்துக்குப் போவதற்கு முந்தைய வருஷம் விடிய விடிய விளையாடி மாட்டினான். அப்பா இறைச்சி வெட்டும் கத்திரிக்கோலை எடுத்துவந்து இணைய வயரை நறுக்கினார். பிறகு அதே கத்திரிக்கோலைக் கழுவி, அதாலேயே கிம்ச்சி ஊறுகாயையும் வெட்டினார்.

மே 8

பெற்றோர் தினம். அப்பாவின் சட்டையில் கார்னேஷன் பூ குத்திவிட்டேன். "என் பொண்ணு தங்கம்" என்றார். அடுப்பு மேடையிலிருந்து கத்திரிக்கோல் என்னையே பார்த்தது.

மே 10, வியாழன்

விளையாட்டுக் கம்பெனியின் அறிவிப்பு வந்துவிட்டது. எங்கள் உலகத்தில் ஆளே இல்லையாம். மாத முடிவில் இன்னொரு உலகத்தோடு சேர்த்துவிடுவார்களாம். படையில் ஒரே ரகளை.

டாக்ஸி ஓட்டும் பச்சைப்பூண்டுதான் ஆரம்பித்தார். "பெட்டி மேல 'பெருந்திரள் விளையாட்டு, ஆயிரக்கணக்கானோர் ஒரே நேரத்தில்'னு போட்டு வித்தான். இப்ப சந்தையில மீன் விக்கிற பொம்மையைச் சேத்து எண்ணினாலும் நாப்பது தேறல. இதுக்கு இனிமே என்னய்யா பேரு?"

பீச் பூ விடவில்லை. பீச் பூ எங்கள் வைத்தியக்காரி: இளஞ்சிவப்பு முடி, குட்டி இறக்கை, காயத்தை ஆற்றும்போது ஒரு துள்ளல். அதை வைத்து விளையாடுகிறவர் ஆம்பிளை, டிராகன் வருஷம், என்னைவிட இரண்டு வயது இளையவராம்! "பல பேர் ஆடினா போதும்னா சீட்டாட்டம்கூடப் பல பேர்தான். எத்தனை பேர் இருந்தா 'பெருந்திரள்'? நூறா? ஐநூறா? அண்ணே, நீங்க சொல்லுங்க."

தாடியைத் தடவும் பொத்தானை அழுத்திவிட்டுத் தட்டினேன்: "எண்ணிக்கை இல்லடா. நாம கணினியை அணைச்சுட்டுத் தூங்குறப்பவும் அங்க மழை பெய்யும். நம்ம குடை நனையும். அதான்."

பச்சைப்பூண்டு தன் வீரனைக் குனிந்து வணங்க வைத்தார்.

"வயசுல மூத்தவங்க மூத்தவங்கதான்," என்றது பீச் பூ. தலையணையைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மே 11, வெள்ளி



இன்று மூன்றாவது பீரியடில் வகுப்புக்குள் ஒரு புறா வந்துவிட்டது. சுவர்க்கடிகாரத்தின் மேல் உட்கார்ந்து இறங்க மறுத்தது. வகுப்பாசிரியர் தாக் கிஹோ துடைப்பத்தோடு நாற்காலி மேல் ஏறினார்.

ராத்திரி பீச் பூ சொல்கிறது: "இன்னிக்கு என் மானம் போச்சு அண்ணே. ஒரு புறாவைத் துரத்தி நாற்காலியிலருந்து விழுந்தேன்."

இல்லை. இல்லை இல்லை. 'இணைய விளையாட்டு மூளையைச் சுரண்டும்' என்று எங்களுக்குப் படம் போட்டுக் காட்டின தாக் சாரா அந்த இறக்கை வைத்த குட்டி?

அதோடு விட்டதா? "வகுப்புல ஒரு பொண்ணு அண்ணே, ஜன்னல் பக்கம். கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குது. அவங்கப்பாவுக்குப் போன் போடவா? நீங்க பிள்ளை பெத்தவர், சொல்லுங்க."

ஜன்னல் பக்கம் நான்தான்!

"போடாதே," என்று தட்டினேன். மூன்று தடவை தப்பாக விழுந்தது. "எலும்பு வளர்ற வயசு. தூங்கட்டும்."

"சரிங்க அண்ணே."

மே 14, திங்கள்

போன் வரவில்லை. எனக்குக் கொழுப்பு ஏறிவிட்டது. நேற்று, "பிள்ளைங்களுக்கு வீட்டுப்பாடத்தைக் கொஞ்சம் குறைச்சுப் பாரு தம்பி" என்றேன். இன்று பாதியாகக் குறைத்துவிட்டார். வகுப்பே மேஜையைத் தட்டியது. பக்கத்து இருக்கை நாரின் என் காதில், "சாருக்கு லவ்வுடி" என்றாள். நான் கணக்கில் மூழ்கின மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

மே 15

ஆசிரியர் தினம். பெரியவருக்குக் கொடுக்கிற முறைப்படி இரண்டு கையாலும் பூவை நீட்டினேன். பாட்டுப் பாடினோம். தாக் சார் மூக்கைச் சிந்திக்கொண்டார். எல்லோரையும்விடச் சத்தமாகப் பாடினது நான்தான். நேற்று ராத்திரி குகையில் செத்துச் செத்து விழுந்த என்னை மூன்று முறை எழுப்பினவர் அவர்தானே.

சாயங்காலம், காலையில் பையில் வாங்கி வைத்த கைபேசிகளைத் தினமும் போலத் திருப்பிக் கொடுத்தார். ஒற்றைக் கையால், சீட்டுப் போடுகிற மாதிரி: "இந்தா. இந்தா. இந்தா."

மே 17, வியாழன்

செத்தேன்.

மறுபடியும் விளையாட்டு அடிமைத்தன வகுப்பு. பலகையில் 'பெருந்திரள் இணைய விளையாட்டு என்றால் என்ன?' என்று எழுதிவிட்டுத் திரும்பினார். "பான் சோயுல்! கண்ணு திறந்திருக்கு, ஆள் இருக்கியா? எத்தனை பேர் இருந்தா பெருந்திரள்?"

நான் அரைத் தூக்கத்தில் எழுந்தேன். என் வாய் அதுவாகப் பேசியது.

"எண்ணிக்கை இல்லடா—"

'டா'வா? சாரையா? வகுப்பு வெடித்தது. அங்கேயாவது நிறுத்தியிருக்கலாம். நிறுத்தினேனா?

"—நாம தூங்குறப்பவும் அங்க மழை பெய்யும். நம்ம குடை நனையும்."

அவர் கையில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார். மறுபடி என்னை.

"உக்காரு."

ராத்திரி பீச் பூ வரவே இல்லை.

மே 18, வெள்ளி

சாப்பாட்டுக்குப் பன்றி இறைச்சி சுட்டோம். அப்பா கத்திரிக்கோலால் துண்டு போட்டுக்கொண்டிருக்கும்போது போன் வந்தது. "ஆமாங்க சார். ஆமா, என் பொண்ணுதான்... அப்படியா? எனக்குத் தெரியாமப் போச்சே." கத்திரிக்கோல் கையிலேயே இருந்தது. வாயில் இருந்த கீரை இலையை என்னால் விழுங்க முடியவில்லை.

போனை வைத்தார். என்னையே பார்த்தார்.

"உங்க வாத்தியார். உனக்கு எலும்பு வளர்ற வயசாம். பத்து மணிக்கு விளக்கை அணைச்சுத் தூங்க வைக்கச் சொன்னாரு. அதை வாத்தியார் போன் பண்ணியா சொல்லணும்? வாயில இருக்கறதை முழுங்கு!"

இன்னொரு துண்டை வெட்டி என் தட்டில் போட்டார்.

மே 19, சனி

மத்தியானமே உள்ளே போனேன். பீச் பூ எனக்கு முன்னால் வந்திருந்தது. படைக்கு ஒரே ஒரு அறிவிப்பு.

"இனிமே நம்ம சண்டை எல்லாம் சாயங்காலம் ஏழு மணிக்கு. அண்ணனுக்கு வயசாயிடுச்சு, சீக்கிரம் படுக்கணும். புது உலகத்துக்குப் போனாலும் இதான் நேரம்."

"நம்ம அண்ணனுக்கா? முந்தாநேத்து வரைக்கும் நல்லாத்தானே இருந்தார்?" என்றார் பச்சைப்பூண்டு.

"எலும்புல பிரச்சினை," என்றது பீச் பூ. ஒரு துள்ளல் துள்ளி, காயமே இல்லாத எனக்கு வைத்தியம் பார்த்தது.

மே 21, திங்கள்

இன்று வகுப்பில் நான் தூங்கவில்லை. தாக் சார் என்னை ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

சாயங்காலம் கைபேசி கொடுத்தார். நாரினுக்கு "இந்தா". அவளுக்குப் பின்னால் இருந்தவனுக்கு "இந்தா". என் மேஜைக்கு வந்தார். 'இந்தா' வரவில்லை. முகம் கல் மாதிரி இருந்தது. என் கைபேசியை இரண்டு கையாலும் நீட்டினார்.

நான் ஒற்றைக் கையால் வாங்கிக்கொண்டேன்.