கெட்ட வாக்கு

14 பிப்ரவரி 2023
ரயிலில் முகக்கவசம் வேண்டாம் என்று நேற்றுதான் விட்டார்கள். நான் போட்டுக்கொண்டே தேக்கா சந்தைக்குக் கிளம்பினேன். மருமகள் சங்கீதா, "மாமா, நீங்க சரியான பெசிமிஸ்ட் லா" என்றாள். எனக்குத் தமிழே எழுதத் தெரியாது, இங்கிலீஷ் எங்கே தெரியும்? இதையும் நான் சொல்லச் சொல்ல போன்தான் எழுதிக்கொள்கிறது. பெசிமிஸ்ட் என்றால், எதிலும் கெட்டதுதான் நடக்கும் என்று நினைக்கிற ஆள் என்று அர்த்தமாம். அப்படியானால் குடை எடுத்துப் போகச் சொல்லும் ரேடியோக்காரர்? இன்சூரன்ஸ் விற்கிறவர்? அவர்களுக்குச் சம்பளம். எனக்குப் பட்டம் மட்டும்.

15 பிப்ரவரி
மாசிலாமணியிடம் சொன்னேன். கப்பல் பட்டறையில் சேர்ந்து வேலை பார்த்த ஒன்பது பேரில் மிச்சம் நாங்கள் இருவர். "இதுக்கு இங்கிலீஷ்ல பேரே இருக்கா! பேரு தெரியாமலே உன்னைச் சகிச்சிருக்கோமேடா பரமு!"

எழுபத்தொன்பதில் அவன் கிளமெண்டியில் அடுக்குமாடி வீடு வாங்கியபோது லிஃப்ட் அறுந்து விழும் என்றேன். இன்றுவரை ஏறி இறங்குகிறான். நான் கெட்டது சொன்னால் அது நடக்காது என்று, அன்றிலிருந்து எந்தக் காரியத்துக்கும் முன்னால் அவனும் மனைவி ரத்தினம்மாவும் வந்து என்னிடம் கெட்ட வாக்கு வாங்கிப் போவார்கள். மகள் கல்யாணம் மூன்று மாதம் தாங்காது என்றேன். பேரப்பிள்ளைகள் நாலு.

2 மார்ச்
மாசிலாமணிக்கு நெஞ்சில் மூன்று அடைப்பு. திங்கட்கிழமை ஆப்பரேஷன்.

5 மார்ச்
ஆஸ்பத்திரிக்குப் போனேன். "சொல்லுடா, என்ன ஆகும்?" சிரித்துக்கொண்டுதான் கேட்டான். கை மட்டும் போர்வையை இறுக்கிப் பிடித்திருந்தது. ரத்தினம்மா, "நல்லா கெட்டதா சொல்லுங்கண்ணே" என்றாள்.

கெட்ட வாக்கு வரவில்லை. நாற்பது வருசமாக நிற்காத வாய் —

"ஒண்ணும் ஆகாதுடா. அடுத்த மாசம் தேக்காவுல டீ குடிக்கலாம்."

இரண்டு பேர் முகமும் வெளுத்துவிட்டது.

6 மார்ச்
போய்விட்டான்.

9 மார்ச்
இருதயம் ரொம்பப் பலவீனமாம். யார் வாக்கும் ஒன்றும் செய்திருக்காது என்கிறாள் சங்கீதா. தெரியும். ஆனா அன்னைக்குன்னு பார்த்து எனக்கு ஏன் நல்லவனா இருக்கணும்னு தோணுச்சு? சாவு வீட்டில் ரத்தினம்மா என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

20 ஏப்ரல்
டீ குடிக்கப் போகவில்லை.

17 ஆகஸ்ட்
ஐந்து மாதத்துக்குப் பிறகு ரத்தினம்மா போன் பண்ணினாள். நாளைக்குக் கண்ணில் புரை எடுக்கிறார்களாம்.

"சொல்லுங்கண்ணே."

"டாக்டருக்குக் கை நடுங்கும்மா. பாதியில கரண்டு போயிரும்."

"அப்புறம்?"

"தப்பான கண்ணை அறுத்துருவான்."

"இன்னும் கொஞ்சம்."

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு வேற குடுப்பாங்க."

அந்தப் பக்கம் சிரிப்பா அழுகையா தெரியவில்லை. போனை வைக்கவில்லை, கேட்டுக்கொண்டே இருந்தாள். நானும் விடாமல் சொன்னேன். என் வாயை நம்பிய மனிதர்களில் உயிரோடு இருப்பது ரத்தினம்மா ஒருத்திதான்.