வந்து சொல்கிறேன் என்று போன பதில்

என் அன்பான என்னங்க,

கல்யாணமான நாளிலிருந்து உங்களை அப்படித்தான் கூப்பிட்டேன். கடிதத்தில் மட்டும் பெயர் எழுதினால் வேறு யாரையோ கூப்பிடுவது போல இருக்கும்.

நேற்று நம் வீட்டில் இங்கிலீஷில் ஒரு சண்டை நடந்தது. நீங்கள் போன பிறகு முதல் சண்டை. ஒரு பக்கம் நான், எதிர்ப்பக்கம் நம் மருமகள் மேதா. கார்த்திக் ஹாலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பனைப் போலவே, கண் ஒரு பக்கம் காது ஒரு பக்கம்.

விஷயம் இதுதான். ஐப்பசி பிறக்கப் போகிறது. முடிச்சூரில் மழை என்றாலே மேதா புனேவிலிருந்து போன் மேல் போன் போடுவாள். இப்போது வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு ஒரேயடியாக அங்கேயே வந்துவிடச் சொல்கிறாள். நான் வரமாட்டேன் என்கிறேன். அவளுக்குத் தமிழ் நாலு வார்த்தை தெரியும், எனக்கு மராத்தியில் அதுகூடத் தெரியாது. இங்கிலீஷை விட்டால் வேறு வழி ஏது?

நமக்கு இங்கிலீஷில் சண்டை போடும் பழக்கம் வந்தது பொழிச்சலூர் ஒண்டுக்குடித்தனத்தில்தானே? சுவருக்கு அந்தப் பக்கம் ஹவுஸ் ஓனர் அம்மா. நம் வீட்டில் குரல் கொஞ்சம் உயர்ந்தால் அவர்கள் மிக்ஸி நின்றுவிடும். "இனிமே சண்டைன்னா இங்கிலீஷ்லதான். அந்தம்மாவுக்கு ஒரு வார்த்தை புரியக் கூடாது" என்று நீங்கள்தான் சட்டம் போட்டீர்கள். ஏதோ நாம் இரண்டு பேரும் கான்வென்ட்டில் படித்த மாதிரி. உங்கள் இங்கிலீஷ், கம்பெனியில் கடிதம் டைப் அடித்து வந்தது. என்னுடையது தாம்பரம் ரயிலில் லேடீஸ் கம்பார்ட்மென்ட்டில் ஒட்டுக்கேட்டு வந்தது.

"ஐ ஆம் ஆங்க்ரி ஆன் யூ" என்று நான் ஆரம்பிப்பேன்.

"ஆன் இல்ல, வித்."

"கோவம் உங்க மேலதானே? அப்ப ஆன்தான்."

"மேலதான். ஆனா அவங்க வித்னுதான் சொல்றாங்க. நான் என்ன பண்ணட்டும்?"

அந்த மொழியில் ஒவ்வொரு சொல்லும் ஒரு குட்டிச் சொல்லோடு ஜோடி சேர்ந்து குடித்தனம் நடத்துகிறது. குட் என்றால் அட், அஃப்ரெய்ட் என்றால் ஆஃப், மேரீட் என்றால் டு. பொருத்தம் பார்த்து முடித்து வைத்தது யார் என்று கேட்டால் உங்களுக்கும் தெரியாது. கல்யாணம் ஒருவரோடு ஒருவருக்குத்தானே, அதற்கு ஏன் வித் போடக் கூடாது என்று நான் எத்தனை தடவை கேட்டிருப்பேன். இந்தப் பஞ்சாயத்து முடிவதற்குள் சாதம் வெந்திருக்கும், கோபம் எதற்கு என்பது இரண்டு பேருக்கும் மறந்திருக்கும்.

முடிச்சூரில் சொந்த வீட்டுக்கு வந்த பிறகு ஒட்டுக்கேட்க ஆளில்லை. ஒரு தடவை தமிழிலேயே சண்டை போட்டுப் பார்த்தோம். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னீர்கள், நான் இரண்டு சொன்னேன். பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் நீங்களே சமையலறை வாசலில் வந்து நின்று, "ஐ ஆம் சாரி..." என்று இழுத்துவிட்டு, "ஃபாரா, அபவுட்டா?" என்று என்னையே கேட்டீர்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றோடு தமிழில் சண்டை கிடையாது என்று முடிவானது.

பெருவெள்ளத்தில் மொட்டை மாடியில் பக்கத்து வீட்டுக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது கூட விட்டோமா? இந்த இடத்தில் வீடு வாங்கியதற்கு யூ ஆர் ரெஸ்பான்சிபிள் என்று நான் கத்தினேன். வீட்டுக்கு நான் பொறுப்பு, மழைக்கு இல்லை என்று நீங்கள். பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது ஞாபகம் இருக்கிறதா? "பேசிக்கினே இரு சார். கொயந்தைங்க வேடிக்கை பாத்துக்கினு அழாம கீதுங்க."

சரி, நேற்றைய கதைக்கு வருகிறேன். நன்றாகத்தான் சண்டை போட்டேன். "யூ ஆர் டூ அட்டாச்ட் டு திஸ் ஹவுஸ்" என்றாள் மேதா. ஆமாம், அதிலென்ன தப்பு என்று கேட்டேன். பால்காரர், மருந்துக்கடை, குன்றத்தூர் கோயில் பஸ் எல்லாவற்றையும் சொன்னேன். உண்மையான காரணத்தை மட்டும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும் சொல்கிறேன்.

கடைசி நாள் காலை நான் பேசப் பேச நீங்கள் நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டீர்கள். எனக்கு ரோஷம் வந்தது. "ஆர் யூ டயர்ட் ஆஃப் மீ?" என்று கேட்டேன். நீங்கள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தீர்கள். "கரெக்டா சொல்லிட்டியே. ஆஃப் தானா வந்துதே" என்று அவ்வளவு சந்தோஷப்பட்டீர்கள். நான் கேட்டதற்கு என்ன பதில் என்றேன். "மார்க்கெட் போய்ட்டு வந்து சொல்றேன்" என்று பையை எடுத்துக்கொண்டு போனீர்கள். பஸ் ஸ்டாப் பக்கத்தில் மயங்கி விழுந்துவிட்டதாகத்தான் எனக்கு போன் வந்தது.

வந்து சொல்கிறேன் என்று போனவருக்காகக் கதவைத் திறந்து வைத்திருக்கிறேன் என்று இந்த வயதில் யாரிடம் சொல்வது? தமிழிலேயே சொல்ல வரவில்லை. இங்கிலீஷில் எப்படிச் சொல்வேன்?

அதனால் மழையைப் பிடித்துக்கொண்டேன். "ஐ ஆம் நாட் அஃப்ரெய்ட் ஃப்ரம் ரெயின்" என்று மேதாவிடம் சொல்லிவிட்டு நிறுத்தினேன். வேண்டுமென்று இல்லை. தப்பு விட்டால் நீங்கள் திருத்துவீர்களே, அதற்காக நின்று பழகிப்போன நிறுத்தம். கண் தானாக உங்கள் நாற்காலிப் பக்கம் போனது.

"ஆஃப்மா. அஃப்ரெய்ட் ஆஃப்" என்று ஹாலிலிருந்து குரல் வந்தது. கார்த்திக் போனிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அச்சு அசல் உங்கள் குரல். உங்களைக் கொண்டுபோன அன்று கூட நான் அப்படி அழவில்லை.

மேதா என் கையைப் பிடித்துக்கொண்டாள். இருக்கிற நாலு தமிழ் வார்த்தையையும் கூட்டி, "அம்மா, கோபம் இல்ல. மழை வந்தா உங்க போன் ஆஃப். எனக்கு பயம்" என்றாள். அதற்கு மேல் அவளோடு என்ன சண்டை போடுவது?

ஒப்பந்தம் ஆகிவிட்டது. மழை முடிகிறவரை புனே, பொங்கலுக்கு முன்னால் முடிச்சூர். வாடகைக்கு விடுகிற பேச்சே கிடையாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். நீங்கள் ஆயுசு முழுக்கச் சாதித்த "ஜெலஸ் ஆன்" தப்பாம், அதுவும் ஆஃப்தானாம். உங்கள் படத்துக்கு முன்னால் அதைச் சொல்லாதே என்று மேதாவை அடக்கி வைத்திருக்கிறேன்.

சாவியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிறேன். வாசலைப் பார்த்து உட்கார்ந்திருப்பதை இன்றோடு விட்டுவிடுகிறேன், இது சத்தியம். எனக்கு அவசரம் ஒன்றும் இல்லை. பேரப்பிள்ளை பார்க்க வேண்டும், அதற்கு இரண்டு மொழியில் சண்டை போடக் கற்றுத்தர வேண்டும். நீங்கள் வந்து பதில் சொல்வதாகச் சொன்னீர்கள். பரவாயில்லை, எல்லாம் முடித்துவிட்டு நானே வந்து கேட்டுக்கொள்கிறேன்.

கோபம் தீராத உங்கள் மனைவி,
வசந்தா