கராஜ் கதவுக்கு இத்தனை வியாதியா

9.2.1986, ஞாயிறு

கதவு இன்றும் திறக்கவில்லை.

போன வியாழக்கிழமை ரிமோட் பொத்தானை அமுக்கியதும் மந்திரி வீட்டுக் கதவு மாதிரித் தானாக மேலே ஏறியது. அக்கம்பக்கத்தார் வேலியோரம் வந்து நின்று பார்த்தார்கள். அதைப் பொருத்தித் தந்த மர்ஸூக் நானா, குவைத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரே கம்பெனியில் வேலை செய்கிறவர். லீவில் வந்தவர், கப்பலில் வந்த பெட்டியைப் பிரித்து இரண்டு நாளில் எல்லாவற்றையும் மாட்டிவிட்டு, தேத்தண்ணி குடித்து, காத்தான்குடிக்குப் பஸ் ஏறிவிட்டார். அவர் போன மூன்றாம் நாள் ரிமோட்டை அமுக்கினால் ஒரு சத்தமும் இல்லை. உள்சுவரில் இருக்கிற பொத்தான் மட்டும் வேலை செய்கிறது. அதற்கு அடுப்படி வழியாகச் சுற்றிப் போக வேண்டும்.

ஏழு வருசமாகக் குவைத் முழுக்க மற்றவர்களுக்குக் கதவு பொருத்துகிற மனிசன், தன் வீட்டுக்கும் ஒன்று அனுப்பியிருக்கிறார். கார் அனுப்பவில்லை. கராஜுக்குள் இருப்பது விறகும் ஒரு பழைய கட்டிலும்.

இவருடைய தங்கை றஷீதா எங்களோடுதான் இருக்கிறாள். அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "மதினி, பண்டாரவளையிலேயே வெறகுக்கு இவ்வளவு காவல் போட்ட வீடு நம்மடதான்."

11.2.1986

கதவு திறந்துவிட்டது! நான்தான் திறந்தேன்!

பெட்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தை யாருமே புரட்டவில்லை. கொன்வென்டில் படித்த இங்கிலீஷ் இதற்காவது உதவட்டுமே என்று எடுத்து உட்கார்ந்தேன். ரிமோட்டின் முதுகைக் கழற்றினால் உள்ளே பத்துச் சின்னச் சுவிட்சுகள், அரிசி மணி அளவில், ஒரே வரிசையில். மேலே மோட்டருக்குள்ளும் அதே மாதிரிப் பத்து. இதில் எது மேலே, எது கீழே என்றிருக்கிறதோ, அதிலும் அப்படியே இருக்க வேண்டும். ஒன்று பிசகினாலும் மோட்டர் நம்மை யாரென்றே கேட்காது.

ஏணி போட்டு ஏறிப் பார்த்தேன். ஏழாவது மாறியிருந்தது. தானாக எப்படி மாறும்?

மகள் பலீலாவைக் கூப்பிட்டேன். ஏழு வயது. முகத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. "ரேடியோ எண்டு நெனச்சன் உம்மா. பாட்டு வருமா எண்டு பாத்தன்." தலையில் இருந்த கொண்டை ஊசியால் கிண்டியிருக்கிறாள். அதே ஊசியை வாங்கி ஏழாவதை நேராக்கினேன். அமுக்கினேன். ஏறியது.

மூன்று பேரும் மாறிமாறி அமுக்கியதில் சோறு அடிப்பிடித்துவிட்டது.

2.3.1986, ஞாயிறு

இவருடைய கசெட் வந்தது. கடிதம் எழுதச் சோம்பல், எப்போதும் பேசிப் பதிந்த கசெட்தான். நான் கேட்டிருந்த கேள்விக்குப் பதில்: "ரிமோட்டத் தொறந்து பாரு, உள்ளுக்குப் பத்துச் சுவிட்ச் ஈக்கிது..." மூன்று வாரம் கழித்து. நானும் றஷீதாவும் வாயைப் பொத்திக்கொண்டு கேட்டோம்.

கடைசியில் குரல் மாறிவிட்டது. கம்பெனியில் இன்னும் இரண்டு வருசத்துக்குக் கேட்கிறார்களாம். ஜூன் முடிவதற்குள் கையெழுத்துப் போட வேண்டும். "அங்க வந்து நான் என்னத்தச் செய்ய, ஹம்ஸியா? எனக்குத் தெரிஞ்சது கதவு மட்டுந்தான். ஊவா மாகாணத்துல ஆர்ட வீட்டுல இந்தக் கதவு ஈக்கிது?"

அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். இன்னும் இரண்டு வருசமா?

16.3.1986

பதுளையில் ஒரு கலியாண வீடு. றஷீதா சும்மா இருக்கிறாளா, "எங்கட மதினி மோட்டர் கதவே ரிப்பேர் பண்ணுவா" என்று சொல்லிவிட்டாள். அங்கே கடை வைத்திருக்கிற மொஹிதீன் ஹாஜியாரின் மனைவி ஸித்தி ஸுபைதா என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அவர்கள் வீட்டிலும் ஒன்று! மகன் கொழும்பில் வாங்கி மாட்டியதாம். பாதி இறங்குகிறது, பிறகு என்ன நினைக்கிறதோ, திரும்ப ஏறிவிடுகிறது. நாலு மாதமாகக் கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

பட்டுச் சேலையோடு நின்று பார்த்தேன். ஒன்றும் விளங்கவில்லை. கேட்டுச் சொல்கிறேன் என்றேன்.

17.3.1986

கசெட்டில் பேசினேன். "கதவு பாதி எறங்கிட்டுத் திரும்ப ஏறுது, என்ன செய்ய?" யாருடைய கதவு என்று சொல்லவில்லை. ஏணியும் ஸ்குரூ டிரைவருமாக நான் ஊரார் வீட்டுக்குப் போகப்போகிறேன் என்று தெரிந்தால் என்ன சொல்வாரோ. பயந்துதான் விட்டுவிட்டேன்.

6.4.1986

பதில் வந்தது. கதவு எதிலாவது முட்டினால் திரும்பி ஏறுவது நல்லதாம், கீழே பிள்ளை நின்றால் நசுங்காமல் இருக்கத்தான் அப்படி. "ஸ்குரூவத் தொடாத. மொதல்ல ரெண்டு பக்கத் தண்டவாளத்தையும் கையால தடவிப் பாரு."

பதுளைக்குப் போய்த் தடவினேன். இடது பக்கத்தில், சிமெந்து மாதிரிக் காய்ந்த குளவி மண்கூடு. சுரண்டி எடுத்து, துடைத்து, எண்ணெய் போட்டேன். கீழே ஒரு தலையணையை வைத்து இறக்கிப் பார்த்தேன், தொட்டதும் ஏறியது. தலையணையை எடுத்தேன், தரை வரைக்கும் இறங்கியது. ஸித்தி ஸுபைதா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

13.4.1986

பெரகலையில் ஒன்று. ரிமோட்டின் பெட்டரி தீர்ந்திருந்தது, அவ்வளவுதான். வெட்கப்படுவார்களே என்று கொஞ்ச நேரம் ஏணியில் நின்றுவிட்டு இறங்கினேன்.

20.4.1986

ஹப்புத்தளையில் இன்னொன்று. பக்கத்தில் போனால்தான் ரிமோட் வேலை செய்கிறது என்று போன மாதமே சொல்லியிருந்தார்கள். மோட்டரிலிருந்து வால் மாதிரித் தொங்க வேண்டிய வயரை, அசிங்கமாக இருக்கிறதென்று சுருட்டி வைத்திருக்கிறார்கள். இதையும் இவரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். நம் கதவுக்கு வந்த பிழை என்று சொல்லி.

29.4.1986, செவ்வாய்

எல்ல ஊர்ப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஓர் ஆள் வந்தார். மாடசாமி, தோட்டத்து மனேஜர் துரையின் டிரைவர். ஹாஜியார் கடையில் சொல்லியனுப்பினார்களாம். கதிரையில் உட்காரச் சொன்னாலும் உட்காரவில்லை.

"தொரை பங்களா கார் கொட்டகைக் கதவு தானா தொறந்துக்குதுங்க அம்மா. காலையில போய்ப் பாத்தா தொறந்து கெடக்கு. நாந்தான் தொறந்து போட்டுட்டுப் போறேன்னு தொரை சொல்றாரு. நான் தொடக்கூட இல்லீங்க."

"எத்தனை தரம்?"

"மூணு தடவ ஆகிப்போச்சுங்க. இன்னொரு தடவ தொறந்து கெடந்துச்சுன்னா டிரைவர் வேலை கெடையாது, மலையில புல்லு வெட்டத்தான்னு சொல்லிப்புட்டாரு. பதினொரு வருசமா ஓட்டுறேங்க."

நாளைக்கே வருகிறேன் என்றேன். தெரியாத வியாதிக்கு வைத்தியம் சொல்கிற மாதிரி.

30.4.1986

றஷீதாவோடு போனேன். பத்துச் சுவிட்சும் வாங்கின மாதிரியே, எல்லாம் ஒரே பக்கம். வேறு யாருடைய ரிமோட்டோ திறக்கிறது என்று முடிவுகட்டி, ரிமோட்டிலும் மோட்டரிலும் ஒரே மாதிரி மாற்றி வைத்தேன். மாடசாமி கும்பிட்டார். எனக்கும் பெருமைதான்.

வந்ததும் கசெட்டில் இதைக் கேட்டு வைத்தேன், எதற்கும் இருக்கட்டும் என்று. "கதவு தானா தொறக்குது, என்ன காரணம்?"

6.5.1986

நேற்றுத் திரும்பவும் திறந்து கிடந்ததாம். துரை நுவரெலியாவுக்குப் போயிருக்கிறார், வியாழன் வருவார். மாடசாமி முற்றத்தில் நின்று சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். என்ன செய்து வைத்திருக்கிறேன் நான்? பெருமை என்ன வேண்டிக் கிடந்தது?

8.5.1986, வியாழன்

காலையிலேயே போய்க் கொட்டகைக்குள் ஒரு பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன். கதவு தானாகத் திறந்தால் என் கண்ணுக்கு முன்னால் திறக்கட்டும். மாடசாமியும் அவர் மனைவி இராக்கம்மாவும் கூடவே இருந்தார்கள். பகல் வரைக்கும் ஒன்றுமில்லை. இரண்டு மணிக்கு மழை பிடித்தது. அரை மணி நேரம் ஆகியிருக்கும், மோட்டர் உறுமியது, கதவு ஏறியது. ஒருவர் கையிலும் ஒன்றும் இல்லை.

"பாத்தீங்களா! பாத்தீங்களா!" இராக்கம்மா எழுந்தே நின்றுவிட்டாள்.

மழை. மழைக்கும் கதவுக்கும் என்ன சம்பந்தம்? நினைத்துப் பார்த்தேன். அந்த வீட்டில் பொத்தான் வெளிச்சுவரில் இருக்கிறது. ஓடினேன். கூரைத் தண்ணீர் ஓடுகிற பீலியில் ஒரு ஓட்டை, தண்ணீர் நேராகப் பொத்தானுக்கு மேல் வடிகிறது. கழற்றினால் உள்ளே பச்சைப் பாசி மாதிரித் துரு, தண்ணீர். ஒருவரும் அமுக்காமலே தண்ணீர் அமுக்கிக்கொண்டிருக்கிறது.

ஒரு வயரை மட்டும் கழற்றி வைத்துவிட்டுக் காத்திருந்தோம். ஒரு மணி நேரம் கொட்டியது. கதவு அசையவில்லை. திரும்ப மாட்டினேன், ஏறியது. அந்த நேரம் துரை தானே காரை ஓட்டிக்கொண்டு வந்து இறங்கினார். அவர் கண்ணுக்கு முன்னால் இன்னொரு தரம் கழற்றியும் மாட்டியும் காட்டினேன். இங்கிலீஷில் கேட்டார், இங்கிலீஷிலேயே சொன்னேன்: பிழை டிரைவரிடம் இல்லை, பீலியில் இருக்கிறது.

துரை மாடசாமி பக்கம் திரும்பினார். கார்ச் சாவியை நீட்டினார். "இந்த நோனாவ ஊட்டுல விட்டுட்டு வா."

25.5.1986

நோன்பு திறந்துவிட்டுக் கசெட்டைப் போட்டோம். பாதியில் றஷீதாவை வெளியே போகச் சொன்னேன்.

"தானாத் தொறக்குதா? ஹம்ஸியா, வீட்டுல நீயும் தங்கச்சியும் புள்ளயும் மட்டுந்தானே! மோட்டர் வயரக் கழட்டு, கட்டைய வெச்சு அடை. முன்னூறு வீட்டுக்குக் கதவு போட்டீக்கிறன், ஒரு கதவுக்கு இத்தனை வியாதி வந்து நான் கண்டதில்ல. அதுவும் என்ட வீட்டுக் கதவுக்கு. நான் லீவு கேட்டீக்கிறன். வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்து."

கடலுக்கு அப்பால் ஒரு மனிசன் எத்தனை நாள் தூங்காமல் இருந்திருப்பார்? என் கதவு நன்றாகத்தானே இருக்கிறது. என்ன பொம்பளை நான்.

தந்தி கொடுக்கலாம். "கதவு நலம்" என்று. கொடுத்தால் வரமாட்டார்.

26.5.1986

தந்தி கொடுத்தேன். "கதவு நலம் பயம் வேண்டாம்."

29.5.1986

பதில் தந்தி. "நம்பவில்லை ஏழாம் தேதி வருகிறேன்."

7.6.1986, சனி

வந்துவிட்டார். தலை நரைத்திருக்கிறது. பலீலாவைத் தூக்கினார், என்னைப் பார்த்தார், உடுப்பு மாற்றாமல் நேரே கராஜுக்குப் போனார்.

அமுக்கினார். ஏறியது. இறங்கியது. பதினான்கு தரம். தலையணை வைத்தார், தண்ணீர் தெளித்தார், ரோட்டு வரைக்கும் போய் நின்று அமுக்கினார். கடைசியில் விறகு மேலேயே உட்கார்ந்துவிட்டார். "ஒரு கொறையும் இல்லையே, ஹம்ஸியா?"

எல்லாவற்றையும் சொன்னேன். பதுளை, பெரகலை, ஹப்புத்தளை, தோட்டம்.

கோபப்பட்டிருந்தால் நன்றாயிருந்திருக்கும். "நான் அங்க செத்துச் செத்துக் கெடந்தன்" என்று மட்டும் சொன்னார்.

8.6.1986

பேசவில்லை. பெட்டிக்குள் கையெழுத்துப் போட வேண்டிய தாள் இருக்கிறது, பார்த்தேன்.

10.6.1986

பெருநாளுக்கு மாடசாமி குடும்பத்தோடு வந்தார், ஒரு சீப்பு வாழைப்பழம். இவரைக் கண்டதும், "அய்யா, அம்மா இல்லாட்டி நான் இன்னைக்கு மலையில நிப்பேங்க" என்று ஆரம்பித்து மழை, பொத்தான், பீலி எல்லாவற்றையும் நடித்தே காட்டினார். இவர் வட்டிலாப்பக் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, இனிப்பைத் தொடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

அவர்கள் போனதும் என் பக்கம் திரும்பினார். மூன்று நாளுக்குப் பிறகு முதல் பேச்சு.

"ஒரு வயரக் கழட்டி வெச்சுப் பாக்கணும் எண்டு ஆரு சொன்ன?"

"ஒருத்தரும் இல்ல. ஒங்கட கசெட் வரல்லயே."

"நான் எண்டா மோட்டரையே எறக்கியிருப்பன்," என்றார். பிறகு சிரித்துவிட்டார். நான் அழுதுவிட்டேன்.

22.6.1986, ஞாயிறு

பசறையிலிருந்து பல் டாக்டர் வீட்டார் எழுதியிருந்தார்கள். இருவருமாகப் போனோம். பஸ் வளைவுகளில் இவருக்கு வாந்தி, குவைத்தில் எல்லா ரோட்டும் நேராம்.

வெளிச்சுவரில் எண் அமுக்கித் திறக்கிற பெட்டி. இரகசிய எண்ணை அமுக்கினால் திறக்கவில்லை. டாக்டரம்மா இவரைத் தாண்டி என்னிடம் வந்து, "நீங்கதானே அந்த நோனா?" என்றார். இவர் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ஒவ்வொரு எண்ணாக அமுக்கிப் பார்த்தேன். மூன்று மட்டும் அழுந்தவில்லை. அவர்களுடைய இரகசிய எண்ணில் மூன்று இரண்டு தரம் வருகிறது. இவர், பெட்டியையே மாற்ற வேண்டும், குவைத்திலிருந்து எடுப்பிக்கலாம் என்றார். நான், மூன்று இல்லாத வேறு எண்ணைப் போடலாமே என்றேன். மோட்டரில் உள்ள பொத்தானை இவர் அமுக்கிப் பிடிக்க, நான் வெளியே நின்று புது எண்ணைப் போட்டேன். திறந்தது.

திரும்பும்போது வாந்தி இல்லை. பஸ் முழுக்கக் கணக்குப் பார்த்தார்: லுணுகலையில் ஒன்று இருக்கிறதாமே, மொனராகலைப் பக்கம் இரண்டாமே. டாக்டரம்மாவின் தம்பிக்குப் புதுசாகவே ஒரு கதவு போட வேண்டுமாம்.

தாளைப் பற்றி நான் கேட்கவில்லை. முப்பதாம் தேதி வரைக்கும் கேட்கக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

30.6.1986

கேட்கவில்லை. பகல் முழுக்க லுணுகலைக்குப் போயிருந்தார்.

3.7.1986, வியாழன்

வெயில் கண்டதும் உடுப்பு ஊறப்போட்டேன். இவருடைய சேட்டுப் பையில் நாலாக மடித்த தாள். முழுக்க நனைவதற்குள் எடுத்துவிட்டேன். கம்பெனித் தாள். கையெழுத்துப் போடுகிற இடம் வெறுமையாக இருந்தது.

பின்பக்கம் பென்சிலால் ஒரு கராஜ் வரைந்திருக்கிறார், டாக்டரம்மாவின் தம்பியுடையது. அகலம் ஒன்பது அடி, உயரம் ஏழு. ஸ்பிரிங் இரண்டு. பொத்தான் உள்சுவரில். மூலையில் சின்ன எழுத்தில்: "வயர் எந்தப் பக்கத்தால் கொண்டு போவது — ஹம்ஸியாவிடம் கேட்க."

அடுப்படி ஜன்னலில் காயவைத்து, மடித்து, மேசையில் அவருடைய அளவுநாடாவுக்குக் கீழே வைத்தேன். இடது பக்கத்தால் கொண்டு போவதுதான் நல்லது. வந்ததும் சொல்ல வேண்டும்.