ஹீட்டர் இரைகிற சத்தம்

9 டிசம்பர் 2006, சனி

ஹீட்டர் சுவிட்சை அணைப்பது அம்மாதான் என்று மெக்கானிக்கிடம் நான் சொல்லவில்லை. நேற்றுக் காலை என் கண்ணால் பார்த்திருந்தேன். அவரோ இரண்டாவது முறையாகக் கழற்றிப் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியாத்தான் இருக்கு, தண்ணி ஏன் சுடலன்னு எனக்கே வெளங்கல" என்றார். அம்மா ஆய்ந்துகொண்டிருந்த கீரையை விட்டுத் தலை நிமிரவில்லை.

அவர் போனதும், ஏன் அணைக்கிறாள் என்று அம்மாவிடம் கேட்டேன்.

"உள்ள தண்ணி இரையுதுடி. மூடுன டப்பாக்குள்ள சூடு ஏறுனா என்னாகும்னு எனக்குத் தெரியாதா?"

பதினெட்டு வருடமாகப் பட்டாசுக் கம்பெனியில் வெடிக்கு மருந்து அடைக்கிறவள். அவளுடைய கைவலிக்காகத்தான் இந்த ஹீட்டரையே வாங்கினேன்.

"சூடானதும் தானா அணைஞ்சிரும்மா."

"தானா அணையும்னு நம்பி எவ பக்கத்துல நிப்பா?"

"அப்ப தள்ளி நிப்போம்" என்றேன்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். கம்பெனியில் வேலை தொடங்கும்முன் செய்வதுபோல முன்கதவு, பின்கதவு இரண்டையும் விரியத் திறந்தாள். சுவிட்சைப் போட்டுவிட்டு என் கையைப் பிடித்துத் தெருவுக்கு இழுத்துப் போனாள். குழாயடியில் நின்றோம். ஹீட்டரின் அந்த இரைச்சல் அவள் காதுக்கு என்னவாகக் கேட்கிறது என்று யோசித்துக்கொண்டே இருந்தேன். கால் மணி கழித்து நான் உள்ளே எட்டிப் பார்த்தபோது ஹீட்டரின் சிவப்பு விளக்கு தானாகவே அணைந்திருந்தது.

அம்மா சுவிட்சையும் அணைத்துவிட்டு வெந்நீரில் குளித்தாள்.